ஒன்றாம் நம்பர் அறை யாருக்கு?

நெய்வேலியில் விருந்தினர் மாளிகை ஒன்றின் டெலிபோன் போர்டில் நான் உட்கார்ந்திருந்த பதினைந்து வருஷத்தில், நாட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக நான் பேப்பர் படித்ததே இல்லை. எங்கள் மேனேஜர் ஒன்றாம் நம்பர் அறையை யாருக்குத் திறந்துவிடுகிறார் என்று பார்த்தால் போதும்.

மொத்தம் ஏழு அறைகள். ஒன்றாம் நம்பரில் மட்டும்தான் ஏ.சி. இருந்தது. ஜன்னலைத் திறந்தால் யூக்கலிப்டஸ் வரிசை. மற்ற ஆறு அறைகளின் ஜன்னலைத் திறந்தால் துணி காயப்போட்ட கொடிதான். அந்த ஒன்றாம் நம்பர் அறைக்குத்தான் எல்லாச் சண்டையும்.

எங்கள் ஊரின் அமைப்பும் அப்படி. சுரங்கம் சென்ட்ரல், அனல்மின் நிலையம் சென்ட்ரல், நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸும் குழாயில் வந்த தண்ணீரும் சென்ட்ரல். ஆனால் போலீஸ் ஸ்டேட், பஸ் ஸ்டேட், ரேஷன் கார்டு ஸ்டேட், சுரங்கத்துக்கு நிலம் எடுத்துக் கொடுக்கிற தாசில்தாரும் ஸ்டேட். அதனால் டெல்லி ஆட்களும் வருவார்கள், மெட்ராஸ் ஆட்களும் வருவார்கள். சில சமயம் ஒரே வாரத்தில் இரண்டு தரப்பும் வந்து, நிலக்கரி யாருடையது, அதிலிருந்து வருகிற கரண்ட் யாருடையது என்று பேசிவிட்டு, பண்ருட்டி முந்திரியை ஆளுக்கு இரண்டு பாக்கெட் எடுத்துக்கொண்டு போவார்கள்.

மேனேஜர் திருநெல்வேலிக்காரர். ஒற்றை நாடி உடம்பு. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, முழங்கைக்கு மேலே மடிக்காத கை. டெல்லியிலிருந்து கால் வந்திருக்கிறது என்று நான் சொன்னால், ரிசீவரை எடுப்பதற்கு முன்பே எழுந்து நின்றுவிடுவார். மெட்ராஸ் என்றால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேசுவார். கடலூர் கலெக்டர் ஆபீஸ் என்றால் நன்றாகச் சாய்ந்துகொள்வார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தாலே, எந்த ஊர்க்காரர் பேசுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். இதற்கெல்லாம் அவர் வைத்திருந்த பெயர் புரோட்டோகால். அந்த வார்த்தையை அவர் சொல்வதைக் கேட்டால் ஏதோ குலதெய்வத்தின் பெயர் என்று நினைப்பீர்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பா சுரங்கத்தில் ஃபோர்மேன். சர்வீஸில் இருக்கும்போதே காலமாகிவிட்டார். கருணை அடிப்படையில் எனக்கு இந்த வேலை கிடைத்தது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அம்மா, இரண்டு தங்கைகள், என் சம்பளம். வேலையில் சேர்ந்த அன்றே மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “பாத்துக்கிடும்மா, இங்க வாரவுக யாருன்னு பாக்காத. அவுக பின்னால யாரு இருக்காகன்னு பாரு” என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நெருக்கடி நிலை வந்தபோது மனிதர் தவித்துப்போனார். டெல்லியில் ஒரு அம்மாள் சொன்னதுதான் சட்டம். மெட்ராஸில் அதை எதிர்க்கிற ஆட்சி. இரண்டு பக்கமும் எங்கள் மாளிகைக்கு வந்துகொண்டிருந்தது. டெல்லி அதிகாரி ஒருவர் போய் அரைமணிகூட ஆகியிருக்காது, மெட்ராஸிலிருந்து ஒருவர் வருவார். அந்த அரைமணிக்குள் அறையில் விரிப்பு மாறும், பூ மாறும், மேனேஜரின் கருத்து மாறும். டெல்லிக்காரரிடம், “இப்பத்தான் சார் ரயிலெல்லாம் டயத்துக்கு வருது” என்பார். விருத்தாசலத்தில் அவர் ரயிலேறி ஆறு வருஷம் ஆகியிருந்தது. மெட்ராஸ்காரரிடம், “மாநிலத்துக்குன்னு ஒரு மரியாதை வேண்டாமா சார்” என்பார். என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஏம்மா, நீ என்ன நினைக்கே? இவுக இன்னும் எத்தனை நாளைக்கு?” என்று கேட்பார். எனக்கு என்ன தெரியும்?

அந்த ஜனவரி மாதக் கடைசியில் ஒரு வாரியத்தின் தலைவர் வந்து தங்கினார். ஸ்டேட் வாரியம். கட்சிக்காரர், அந்தப் பதவியும் கட்சி கொடுத்ததுதான். வந்த அன்று உடம்பு சரியில்லை என்று எட்டு மணிக்கே கஞ்சி குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். ஒன்றாம் நம்பர் அறை. மறுநாள் காலை டிபனுக்கு மேனேஜர் தானே பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தார்: இட்லி, வடை, பொங்கல், முந்திரி போட்ட கேசரி.

ஏழேகால் செய்தி கேட்பதற்காக மேனேஜர் வரவேற்பறை ரேடியோவைத் திருப்பினார். மெட்ராஸில் ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள் என்று டெல்லியிலிருந்து ஒருவர் நல்ல தமிழில் சொன்னார். மேனேஜர் ரேடியோவை அணைத்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். சமையலறைப் பக்கம் திரும்பி, “கலியபெருமாளு, கேசரி வேண்டாம்” என்றார்.

கலியபெருமாள் சாப்பாடு பரிமாறுகிற எங்கள் பேரர்களில் ஒருவர். முத்தாண்டிக்குப்பத்துப் பக்கம். அப்போது முப்பது வயதிருக்கும். எட்டு வருஷமாக கான்ட்ராக்ட். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், “ஏன் சார்? ஆயிடுச்சிங்க, எறக்கிட்டாங்க” என்றார்.

“சொன்னதைச் செய்யி. பொங்கலும் வேண்டாம். இட்லி போதும். அப்புறம், அவரு சாப்பிட்டதும் ஆறாம் நம்பருக்கு மாத்தணும். ஒண்ணைக் காலி பண்ணு.”

“யாருனா வர்றாங்களா சார்?”

“இனிமேதான் வருவாக.”

அதற்குள் மெட்ராஸிலிருந்து தலைவருக்கு டிரங்க் கால். இணைப்புக் கொடுத்தேன். இரண்டு நிமிஷம் கழித்து அந்த அறையின் கதவு திறந்தது. மனிதர் வேட்டியும் பனியனுமாக வந்து நின்றார். நேற்று வந்தபோது தோளில் ஒரு துண்டு, அதற்குப் பின்னால் நாலு பேர். இப்போது அந்த நாலு பேரையும் காணோம். போர்ட்டிகோவில் நின்ற சர்க்கார் காரின் டிரைவர் வண்டியைத் துடைப்பதுபோல அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டான்.

மேனேஜர் வணக்கம் சொல்லவில்லை. “சார், ரூம் வேற புக்கிங் இருக்கு” என்றார், சுவரைப் பார்த்து.

தலைவர் சாப்பாட்டு அறைக்குப் போய் உட்கார்ந்தார். கலியபெருமாள் இட்லி வைத்தார். வடை வைத்தார். பிறகு உள்ளே போய், ஒரு கிண்ணம் நிறையக் கேசரி கொண்டுவந்து வைத்தார். “சாப்புடுங்கய்யா. சூடா இருக்குது” என்றார். அவர் சாப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது. போகும்போது பெட்டியைக் காருக்குத் தூக்கிப்போய் வைத்ததும் கலியபெருமாள்தான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து மேனேஜர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கேசரி போனதில் அவருக்கு வருத்தம் இல்லை. தான் வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒருவன் கொண்டுபோய் வைத்தானே என்பதுதான்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். அந்த வாரம் என் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மேனேஜர் விருந்தினர் மாளிகைக் காரை அனுப்பினார். தானும் கூடவே வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தங்கைகளுக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். அம்மா பிழைத்துக்கொண்டாள். அவரைக் கேலி பண்ணி இவ்வளவு எழுதுகிற நான் இதையும் எழுத வேண்டும்.

அதற்கு அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ, பகல் பதினொரு மணிக்குக் கடலூரிலிருந்து கால். பேசியவர் பெயர் சொல்லவில்லை. “மேனேஜரைக் கூப்பிடு” என்றார். இணைப்புக் கொடுத்தேன். கடலூர் என்றதும் சாய்ந்து உட்கார்ந்த மேனேஜர், ஒரு வார்த்தை கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். அவர் கடலூருக்கு எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை. இப்போது கடலூருக்கு மேலே நேராக டெல்லி இருந்தது. நடுவில் மெட்ராஸ் இல்லை. நான் ஹெட்போனைக் கழற்றவில்லை.

“உங்க ஸ்டாஃப்ல அந்தக் கட்சிக்காரன் எவனாவது இருக்கானா?”

எங்கள் மாளிகையில் கட்சிக்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள். சந்தா கட்டியவர்கள். நாலு பேருமே பெர்மனென்ட், அவர்களுக்கு யூனியன் இருந்தது. கலியபெருமாள் எந்தக் கட்சியிலும் இல்லை. வடலூரில் கூட்டம் நடந்தால் போய் நின்று கேட்பார், அவ்வளவுதான்.

“ஒருத்தன் இருக்கான் சார்” என்றார் மேனேஜர். பெயரைச் சொன்னார். ஊரையும் சொன்னார்.

கலியபெருமாள் எனக்குப் பின்னால் இருபது அடியில், பேன்ட்ரியில், கண்ணாடி டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி டம்ளருக்குள் திரும்பும் கீச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. பின்பக்கக் கதவு திறந்தே இருந்தது; வேலிக்கு அப்பால் முந்திரித் தோப்பு. போலீஸ் ஜீப் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் எனக்கு ஐந்து கால்கள் வந்தன. ஐந்துக்கும் சரியாக இணைப்புக் கொடுத்தேன்.

அவரைக் கூட்டிக்கொண்டு போகும்போது, “சார், மூணாம் நம்பருக்கு இன்னும் சாப்பாடு எடுத்து வைக்கலீங்க” என்று மேனேஜரைப் பார்த்துச் சொன்னார். மேனேஜர், “நாங்க பாத்துக்கிடுதோம்” என்றார்.

பன்னிரண்டு நாள் கழித்து விட்டார்கள். ஏதோ தவறான தகவல் என்றார்களாம். ஆனால் அதற்குள் அவருடைய கேட் பாஸ் ரத்தாகிவிட்டது. கான்ட்ராக்ட் ஆளுக்குக் காரணம் எழுத வேண்டியதில்லை. ஒருநாள் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். நான் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

“எட்டு வருஷங்க, டெலிபோன் அம்மா. ஏப்ரல்ல பெர்மனென்ட் லிஸ்ட்ல பேரு வருதுன்னு சார்தான் சொல்லிகினு இருந்தாரு. இப்ப வூட்ல இன்னா சொல்றதுன்னே தெர்ல. யாரு சொல்லி இருப்பாங்கன்னு நெனைக்கிறீங்க?”

“எனக்குத் தெரியாதுங்க” என்றேன்.

அவர் பெயரை ஏன் சொன்னீர்கள் என்று மேனேஜரிடம் நான் ஒருமுறை கேட்டேன், தைரியமாக இல்லை, வேறு பேச்சுக்கு நடுவே. அவர் கோபப்படவில்லை. “என்ன பண்ணச் சொல்லுத? கேட்டது யாருன்னு உனக்குத் தெரியும்லா? பேரு இல்லைன்னா என் பேரை எழுதிக்கிடுவான். எனக்கு மூணு பிள்ளைக” என்றார். பிறகு, “அந்தக் கேசரியை வைக்காம இருந்திருந்தா எனக்கு அவன் ஞாபகமே வந்திருக்காது” என்றார்.

இந்த ஒரு விஷயத்தைத் தள்ளிவைத்துவிட்டால், அடுத்த பத்து வருஷமும் அவரைப் பார்த்துச் சிரிக்கத்தான் எனக்கு நேரம் இருந்தது.

அடுத்த வருஷமே டெல்லியில் ஆட்சி கவிழ்ந்தது. நேற்றுவரை ஜெயிலில் இருந்தவர்களெல்லாம் ஒன்றாம் நம்பர் அறைக்கு வர ஆரம்பித்தார்கள். மேனேஜர் சமையற்காரரைக் கூப்பிட்டு, “இவுகளுக்கெல்லாம் காரம் ஆவாதுய்யா, உள்ள பத்தியச் சாப்பாடால்லா இருந்திருக்கும்” என்று கவலைப்பட்டார். வந்தவர்களிடம், “அந்த இருட்டுக் காலத்துல நாங்க பட்ட பாடு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு விருந்தாளி உருகிப்போய், “உங்களையும் பிடித்தார்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “இங்கே போலீஸ் ஜீப்பே வந்தது சார்” என்றார் மேனேஜர். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மூன்று மாதத்தில் மெட்ராஸிலும் புது ஆட்சி. எண்பதாம் வருஷம் டெல்லிக்குப் பழைய அம்மாளே திரும்பி வந்தார். வந்த சூட்டோடு மெட்ராஸ் ஆட்சியை மறுபடியும் கலைத்தார்கள். இந்த முறை மேனேஜர் அனுபவசாலி. ரேடியோ செய்தி முடியும் முன்பே ஸ்டேட் ஆட்கள் எல்லாரையும் ஆறுக்கும் ஏழுக்கும் இறக்கிவிட்டார். நாலு மாதம்கூட ஆகவில்லை. தேர்தல் நடந்து அதே ஆட்கள் அதே ஆட்சிக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். துணிக்கொடியைப் பார்த்தபடி ஆறாம் நம்பரில் கிடந்தவர்களில் ஒருவர் மந்திரிக்கு நெருக்கமாகி வந்து போர்ட்டிகோவில் இறங்கினார். “என்ன மேனேஜர், இன்னிக்கும் ஆறுதானா?” என்றார். மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. அன்று சாயங்காலம் என்னிடம், “முழுசா இறக்கப்படாதும்மா. நாலாம் நம்பரோட நிறுத்தியிருக்கணும்” என்று பாடம் கற்றுக்கொண்டவராகச் சொன்னார்.

மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் உள்ள உறவை ஆராய டெல்லியில் ஒரு கமிஷன் போட்டபோது பேப்பரை மடித்து மேஜையில் போட்டார். “இதுக்கு எதுக்கு கமிஷன்? எங்கிட்ட கேட்டா அரை மணி நேரத்துல சொல்லிட்டுப் போறேன்.” எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அவருக்கு உண்மையான சோதனை அதற்குப் பிறகு வந்தது. ஒரு திறப்பு விழாவுக்கு டெல்லி மந்திரியும் மெட்ராஸ் மந்திரியும் ஒரே நாளில் வருவதாக இருந்தது. அப்போது இரண்டு தரப்பும் கூட்டணி. யாரைக் கீழே இறக்கினாலும் தப்பு. மேனேஜர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மேஸ்திரி ஒருவரைக் கூட்டிவந்தார். ஒன்றாம் நம்பர் அறையின் குளியலறை நன்றாகத்தான் இருந்தது. “நல்லா இருக்குதே சார், எதை ரிப்பேர் பண்றது?” என்றார் மேஸ்திரி. “சும்மா தட்டிக்கிட்டு இருய்யா, சத்தம் வந்தாப் போதும்” என்றார் மேனேஜர். அறை ரிப்பேர் என்று போர்டு மாட்டிவிட்டு, ஒருவருக்கு இரண்டு, ஒருவருக்கு மூன்று என்று ஒதுக்கினார்.

இரண்டு பெரிதா, மூன்று பெரிதா என்று உதவியாளர்களுக்குள் சண்டை வந்தது. இரண்டு என்றால் எண்ணிக்கையில் முதல். மூன்று என்றால் வாசலுக்குப் பக்கம். என் போர்டில் டெல்லியும் மெட்ராஸும் மாறி மாறிக் கத்தின. கடைசியில் டெல்லி மந்திரி விழா முடிந்ததும் நேராகப் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டார். மெட்ராஸ் மந்திரி வடலூரில் ஒரு தெரிந்தவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார். தட்டிக்கொண்டே இருந்த மேஸ்திரி இதற்குள் உண்மையாகவே குழாயை உடைத்துவிட்டிருந்தார். இரண்டு மாதம் அந்த அறையில் யாருமே தங்க முடியவில்லை. மேனேஜருக்கு மெமோ வந்தது. சர்வீஸிலேயே முதல் மெமோ. அதைப் படித்துவிட்டு அவர் சொன்னது: “கையெழுத்து போட்டது டெபுடிதான். ஜி.எம். இல்லை.” அதில் அவருக்கு ஒரு ஆறுதல்.

எண்பத்தைந்தில் ரிடையர் ஆனார். ரிடையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். ஊருக்குத் திரும்ப மனமில்லை. குவார்ட்டர்ஸெல்லாம் இருந்த நகரியத்துக்கு வெளியே, முத்தாண்டிக்குப்பம் ரோட்டோரம் ஒரு மனை வாங்கி வீடு கட்டினார். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் அவர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரியும். ஆனால் தெருவில் ஒரு விளக்கு கிடையாது. நகரியத்தில் இருந்தவரை பல்பு போய்விட்டால் ஒரு ஃபோன் போதும். மறுநாள் ஆள் வந்து மாட்டுவான். இங்கே யாருக்கு ஃபோன் போடுவது என்றே அவருக்குத் தெரியவில்லை. டெல்லியா, மெட்ராஸா? இரண்டும் இல்லை, பஞ்சாயத்து என்றார்கள். பஞ்சாயத்து என்று ஒன்று இருப்பதே அவருடைய புரோட்டோகாலில் இல்லை. அதற்குத் தேர்தல் நடந்தும் பல வருஷம் ஆகியிருந்தது.

எண்பத்தாறு தொடக்கத்தில் அந்தத் தேர்தல் நடந்தது. இரண்டு வாரம் கழித்து மேனேஜர் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“ஏம்மா, எங்க பஞ்சாயத்துத் தலைவரா யாரு வந்திருக்கான் தெரியுமா? நம்ம கலியபெருமாளு.”

நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

“நீ ஒரு எட்டு வரணும். உன் மேல அவனுக்கு... அவருக்கு ஒரு மரியாதை உண்டு. தனியாப் போனா நல்லா இருக்காது.”

அவருக்காகப் போகவில்லை. கலியபெருமாளிடம் சொல்ல வேண்டிய ஒன்று பத்து வருஷமாக என்னிடம் இருந்தது. அடுத்த நாள் லீவு போட்டேன். வழியில் மேனேஜர் ஒரு கடையில் நின்று சரிகைக்கரை போட்ட சால்வை ஒன்று வாங்கித் தோல்பையில் வைத்துக்கொண்டார்.

பஞ்சாயத்து ஆபீஸ் ஓட்டுக் கூரை போட்ட ஒரே அறை. வாசலில் ஏழெட்டுப் பெண்கள் மனுவோடு நின்றார்கள். கலியபெருமாள் மேஜைக்குப் பின்னால் இருந்தார். தலை நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“வாங்க சார். அட, டெலிபோன் அம்மா, நீங்களுமா! ஒக்காருங்க, ஒக்காருங்க.”

மேனேஜர் உட்காரவில்லை. நின்றபடியே பேசினார். “பாத்துக்கிடுங்க தலைவரே, டெல்லி என்ன டெல்லி, மெட்ராஸ் என்ன மெட்ராஸ்! ஜனங்க கண்ணு முன்னால நின்னு வாங்குன பதவில்லா இது! இதுதான் நெஜமான அதிகாரம். உங்களை எனக்கு அப்பவே தெரியும். அப்பவே நான் சொல்லுவேன், இந்தப் பையன்... இவரு பெரிய ஆளா வருவாருன்னு. கேளுங்க இந்த அம்மாகிட்ட.”

சொல்லிக்கொண்டே பையைத் திறந்தார். சால்வை பாதி வெளியே வந்தது. கூடவே தெருவிளக்கு விஷயமும் வந்தது.

கலியபெருமாள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “நான் தீர்மானம் போடுவங்க சார். அது பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் போவும். பி.டி.ஓ. பாத்து உத்தரவு போட்டாதான் கம்பம் நடுவாங்க. அவரு கலெக்டர கேப்பாரு. கலெக்டரு மெட்ராஸ கேப்பாரு. மெட்ராஸ்ல, டெல்லியிலேர்ந்து பணம் வர்லன்னு சொல்லிகினு இருக்காங்க. எங்கையில இருக்கறது இந்த ரப்பர் ஸ்டாம்பு ஒண்ணுதான். அதுக்கும் மை யூனியன்லதான் தரணும்.”

வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். மேனேஜர் சிரிக்கவில்லை. பாதி வெளியே வந்திருந்த சால்வை மெதுவாக உள்ளே போனது. பையின் பட்டனைப் போட்டார்.

“அப்போ பி.டி.ஓ. எத்தனை மணி வரைக்கும் இருப்பாரு?”

“மூணு வரைக்கும் இருப்பாருங்க.”

“வாம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டு மேனேஜர் வெளியே இறங்கிவிட்டார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

நான் எழுந்திருக்கவில்லை. “கலியபெருமாள், அன்னைக்குக் கடலூர்லேருந்து ஃபோன் வந்தப்போ நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். உங்களைப் பத்தித்தான் பேச்சு. ஜீப் வர ஒன்றரை மணி நேரம் இருந்தது. நான் எழுந்து வந்து சொல்லலை. கேட்டப்பவும் தெரியாதுன்னுட்டேன்.”

அவர் ஒரு மனுவை எடுத்து ஸ்டாம்பை வைத்து அழுத்தினார். ஊதிக் காயவைத்தார்.

“தெரியுங்க. ஜீப்பு வந்தப்ப எல்லாரும் என்னப் பாத்துகினு இருந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கல.” மனுவை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். “சொல்லி இருந்தாலும் நான் எங்கங்க போயிருக்கப் போறன்? வயசான ஆயா ஒண்டியா வூட்ல. அவங்க அங்க வந்து புடிச்சிகினு போயிருப்பாங்க.” ஸ்டாம்பை மையில் ஒற்றினார். “ஆனா சொல்லி இருக்கலாங்க.”

அடுத்த மனுவை எடுத்தார். நான் வந்துவிட்டேன்.

சால்வை பி.டி.ஓ.வின் தோளுக்குப் போனது. எந்த விதியில் எந்த நிதி வந்ததோ, நாலு மாதத்தில் மேனேஜர் வீட்டு முன்னால் கம்பம் நட்டார்கள். கரண்ட் ஆபீஸ்காரர்கள் வந்து கம்பி இழுத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, பல்பு வாங்கி மாட்ட வேண்டியது பஞ்சாயத்து என்று.

மேனேஜர் ஃபோன் பண்ணினார். “ஏம்மா, நாளைக்கு லீவு போட முடியுமா? இன்னொரு சால்வை வாங்கணும்.”

“இந்தத் தடவை நீங்களே போயிட்டு வாங்க சார்” என்றேன். அவர் பேச்சுக்கு நான் தலையாட்டாதது அதுதான் முதல் தடவை.

ஒரு வாரம் கழித்து விருந்தினர் மாளிகைக்கு வந்தார். பழைய பழக்கத்தில் போர்ட்டிகோவில் கார் எதுவும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, என் கண்ணாடித் தடுப்புக்கு அருகே வந்து நின்றார். முகத்தில் பெரிய யோசனை.

அவர் ஆபீசுக்குப் போகவே இல்லையாம். அதற்கு முன்பே ஒருநாள் சாயங்காலம் கலியபெருமாளே சைக்கிளில் வந்திருக்கிறார். ஏணி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி, தானே ஏறி, பல்பை மாட்டிவிட்டு இறங்கியிருக்கிறார். விளக்கு எரிந்தது. மேனேஜர் உள்ளே ஓடிப்போய், புதிதாக வாங்கி வைத்திருந்த சால்வையைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார்.

“வேண்டாம்னுட்டான்மா. ‘எனக்கு எதுக்குங்க, பல்பு பஞ்சாயத்துது’ன்னு சொல்லிட்டு சைக்கிள்ல ஏறிப் போயிட்டான்.”

“சரி சார். விளக்கு எரியுதுல்ல?”

“விளக்கு கெடக்கட்டும்.” கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாகக் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். “கையில குடுத்த சால்வையை ஒருத்தன் வேண்டாங்கான்னா சும்மாவா? ஏம்மா, அவனுக்கு எம்.எல்.ஏ. சீட்டு ஏதும் வருதா? இங்க உக்காந்திருக்கியே, உன் காதுல ஏதாவது விழுந்துச்சா?”